வால்பாறைக்கு மட்டும்

மழைக்காலம் வந்தால் வால்பாறைப் பிள்ளைகள்மேல் எனக்கு வரும் பொறாமைக்கு அளவே கிடையாது. நாங்கள் இருந்தது பொள்ளாச்சிக்குத் தெற்கே, மலையடிவாரத்துக்குச் சற்று இப்பால் ஒரு சிற்றூர். மலைக்கு மேலே வால்பாறை. மழை அங்கேயும் பெய்யும், இங்கேயும் பெய்யும். விடுமுறை மட்டும் அவர்களுக்குத்தான் வரும். டிவியின் அடியில் எழுத்து ஓடும்: கனமழை காரணமாக இன்று விடுமுறை; கோவை மாவட்டம், வால்பாறை தாலுகா பள்ளிகளுக்கு மட்டும். அந்த 'மட்டும்' என்ற சொல்லை வெறுத்ததுபோல வேறெந்தச் சொல்லையும் நான் வெறுத்ததில்லை. நாமும் வால்பாறைக்கே குடிபோய்விடலாம் என்று அப்பாவிடம் ஒருமுறை கேட்டேன். அங்கே அட்டை கடிக்கும் என்றார். கடித்தால் கடிக்கட்டும், லீவு கிடைக்குமல்லவா என்றேன்.

என் அம்மா ஊர்த் தொடக்கப்பள்ளியின் தலைமையாசிரியை. நாற்பது பிள்ளைகள், அம்மாவோடு சேர்த்து இரண்டே ஆசிரியைகள். நானும் அங்கேதான் ஐந்தாம் வகுப்பு. வீட்டில் அம்மா, பள்ளிக்கூடத்துக் கேட்டைத் தாண்டினால் டீச்சர். வாய்தவறி 'அம்மா' என்றால் மூலையில் நிற்க வேண்டியதுதான். இந்தச் சங்கடத்துக்கு ஈடாக எனக்கு ஒரு பெருமை இருந்தது. லீவு விடப்போவது தலைமையாசிரியை மகனுக்கு முந்தின நாளே தெரிந்துவிடும் என்று பையன்கள் நம்பினார்கள். நானும் தெரிந்தவன்போலத் தலையாட்டி வைப்பேன். உண்மை என்னவென்றால் அம்மாவுக்கே தெரியாது. லீவா இல்லையா என்று அவளும் என்னோடு சேர்ந்து டிவியைத்தான் பார்ப்பாள். அப்போது வாட்ஸ்அப் எல்லாம் எங்கள் பக்கம் வந்திருக்கவில்லை. மேலே இருப்பவர்கள் முடிவு செய்து, அது அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து ஒவ்வொரு பள்ளிக்கும் போன் போட்டு முடிப்பதற்குள் பிள்ளைகள் பாதிப் பாடம் படித்திருப்பார்கள்.

அது ஆடி மாதம். முந்தின நாள் சாயங்காலம் பிடித்த மழை விடியும்வரை விடவில்லை. அப்பா பஸ் கண்டக்டர். இருட்டோடு டிப்போவுக்குப் போய்விட்டார். எட்டரை மணிக்குக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிய அம்மா, "டிவிய அமத்திப்போட்டு நேரமா வந்துரு கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் அணைக்கவில்லை. புத்தகப்பையை மாட்டிக்கொண்டு, ஒரு காலில் செருப்பும் மறுகால் வெறுங்காலுமாக டிவி முன்னால் நின்றேன்.

ஒன்பதுக்குச் சற்று முன்னால் எழுத்து ஓட ஆரம்பித்தது. கனமழை. எனக்கு மூச்சே நின்றது. விடுமுறை. அடுத்தது வந்தது: கோவை மாவட்டம்.

அவ்வளவுதான் பார்த்தேன். மிச்ச எழுத்து திரைக்குள் வந்து சேர்வதற்குள் நான் தெருவில் இருந்தேன். செருப்பு ஒன்றுதான் காலில் இருந்தது.

பள்ளிக்கூடத்தில் மழை காரணமாகத் தாழ்வாரத்திலேயே பிரேயர் நடந்துகொண்டிருந்தது. நான் கேட்டிலிருந்தே கத்தினேன். "அம்மா! லீவு! கோயமுத்தூர் மாவட்டத்துக்கே லீவு!"

டீச்சர் என்று கூப்பிடாததற்கு அம்மா என்னைத் திட்டவில்லை. பிள்ளைகள் போட்ட கூச்சலில் திட்டினாலும் கேட்டிருக்காது. அவள் அலுவலகத்துக்குப் போன் போட்டாள், எங்கேஜ்டு. பக்கத்து ஊர்த் தலைமையாசிரியருக்குப் போட்டாள்; அவருடைய போனுக்கு டவர் இல்லை. யாராவது டிவி பார்த்துவிட்டு வாருங்கள் என்றாள். அதற்குள் ஊருக்கே கரண்ட் போய்விட்டது. "நல்லாப் பாத்தியாடா?" என்று என்னைக் கேட்டாள். "சத்தியமாப் பாத்தேனுங் டீச்சர்" என்றேன். பார்த்ததென்னவோ உண்மைதானே?

அம்மா அதற்கு மேல் தயங்காமல் பள்ளிக்கூடத்தை விட்டதற்குக் காரணம் பள்ளம்தான். எங்கள் ஊரில் ஓடையைப் பள்ளம் என்போம். ஊருக்கும் காலனிக்கும் நடுவில் அது ஓடுகிறது. குறுக்கே ஒரு தரைப்பாலம். மலையில் மழை வலுத்தால் இரண்டு மணி நேரத்தில் பாலம் மூழ்கிவிடும். பிள்ளைகளில் பாதிப்பேர் அக்கரைக்காரர்கள். லீவு உண்மையாக இருந்து, போன் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால், பிள்ளைகள் இக்கரையில் மாட்டிக்கொள்வார்கள். அம்மா மணியை அடிக்கச் சொன்னாள். அக்கரைப் பிள்ளைகளைக் கைகோத்து வரிசையாக நடக்க வைத்து, தானே பாலத்தின் இக்கரையில் நின்று, கடைசிப் பிள்ளை ஏறி மேட்டைத் தாண்டும்வரை பார்த்தாள். சத்துணவுக்கூடத்து அக்கா அடுப்புப் பற்றவைக்காமலே வீட்டுக்குப் போனார். இன்னொரு டீச்சர் பஸ்ஸைப் பிடித்தார். கேட்டைப் பூட்டிவிட்டு நானும் அம்மாவும் வீட்டுக்கு வந்தோம். நாற்பது பிள்ளைகளுக்கு லீவு வாங்கிக் கொடுத்த மிதப்பில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பத்தரை மணிக்கு அலுவலகத்திலிருந்து போன் வந்தது. பேசியவரின் குரல் எனக்கே கேட்டது.

"யாரக் கேட்டு டீச்சர் பள்ளிக்கூடத்தப் பூட்டுனீங்க? வால்பாறைக்கு மட்டுந்தானுங்க லீவு!"

"எனக்கு ஒண்ணுமே சொல்லலீங் சார்."

"சொல்றதுக்குள்ள பூட்டிப்போட்டீங்களே, அப்பறம் எங்கத்த சொல்றது?"

போனை வைத்துவிட்டு அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அடி விழப்போகிறது என்று சுவரோடு ஒண்டினேன். அம்மா அடிக்கவில்லை. "முழுசாப் படிக்கக் கூடாதா சாமி" என்று மட்டும் சொன்னாள். அதற்கு அடித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

அதற்கப்புறம் கால்மணி நேரம்கூட ஆகியிருக்காது. வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. ஓட்டி வந்தது நார் மில் மேஸ்திரி. பின்னால் இருந்து இறங்கியவர் இரண்டாம் வகுப்பு பவித்ராவின் அம்மா. அவரும் பவித்ராவின் அப்பாவும் அந்தத் தேங்காய் நார் மில்லில்தான் வேலை செய்தார்கள். கரண்ட் இல்லாததால் பெண்களை முன்னதாக அனுப்பிவிட்டார்களாம். தலையிலும் சேலையிலும் நார்த்தூசி ஈரத்தில் ஒட்டியிருந்தது.

"ஏனுங் டீச்சர், என்ற புள்ள இங்கீங்களா?"

"அப்பவே அனுப்பிச்சுட்டேனே அம்மணி. பாலத்தத் தாண்டிப் போனத நாந்தான் நின்னு பாத்தேன்."

"ஊட்டுல இல்லீங்களே! ஊடு பூட்டித்தானுங்க கெடந்துச்சு. சாவி என்றகிட்டத்தானுங்க இருக்குது!" என்று இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து அம்மாவுக்கு முன்னால் நீட்டினார். அக்கம்பக்கத்து வீடுகளும் பூட்டித்தான் கிடந்தனவாம். எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். வழியில் ஒரு பையன்தான் இன்றைக்கு லீவு என்று சொன்னானாம். பாலம் மூழ்கிவிட்டதால் ரோட்டைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

பாலம் மூழ்கிவிட்டது என்று அவர் சொன்னதும் அம்மாவின் முகத்தில் வந்த வெளிறலை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. அவள் குடைகூட எடுக்காமல் பள்ளத்தைப் பார்த்து ஓடினாள். நடந்தே பழக்கப்பட்ட அம்மா ஓடுவதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. பின்னாலேயே நானும் ஓடினேன்.

பாலம் இருந்த இடத்தில் பாலமே இல்லை. செம்மண் நிறத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது. தென்னை மட்டைகளும் ஒரு பிளாஸ்டிக் குடமும் அதில் போயின. குடம் தலைகீழாகப் புரண்டபோது பவித்ராவின் அம்மா வீறிட்டுக் கத்தினார். ஊர்க்காரர்கள் நான்கைந்து பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரையோரமாகவே கீழ்ப்பக்கம் பார்த்துக்கொண்டு போனார். என்னால்தான், என்னால்தான் என்று உள்ளே அடித்துக்கொண்டது. இரண்டு சொல்லைப் படிக்காமல் ஓடினால் ஒரு பிள்ளை தண்ணீரோடு போகுமா? அப்படியும் நடக்குமா? உலகம் அவ்வளவு மோசமாக இருக்கும் என்று அதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

பள்ளிக்கூடத்தில் ஒரு நீளக் கயிறு இருந்தது, விளையாட்டு நாளுக்கு வாங்கியது. அதை எடுக்க அம்மா ஓடினாள், நானும் கூடவே ஓடினேன். கேட்டைத் திறக்கும் அவசரத்தில் சாவி இரண்டு முறை கீழே விழுந்தது. திறந்து உள்ளே போனவள் சத்துணவுக்கூடத்துப் பக்கம் திரும்பி அப்படியே நின்றுவிட்டாள்.

கூடத்தின் தாழ்வாரத்தில், ஈரச் சுவரோடு சுவராக, பவித்ரா உட்கார்ந்திருந்தாள். முட்டியைக் கட்டிக்கொண்டு, சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. பின்பக்கச் சுற்றுச்சுவர் இடிந்து இரண்டு வருடம் ஆகிறது. கட்டித் தரச்சொல்லி அம்மா எழுதாத கடிதம் இல்லை. யாரும் கட்டாமல் விட்ட அந்த ஓட்டை வழியாகத்தான் உள்ளே வந்திருக்கிறாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"சோத்துக்கு மணி அடிச்சாச்சுங்களா டீச்சர்?"

அம்மா அவளைத் தூக்கிக்கொண்டாள். எப்படி வந்தாய் என்று கேட்டபோது, பாலத்தின்மேல் இவ்வளவுதான் தண்ணீர் இருந்தது என்று தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினாள். ஏன் திரும்பி வந்தாய் அம்மணி என்று அம்மா கேட்டாள். அந்தப் பிள்ளை குறை சொல்வதுபோலச் சொல்லவில்லை. கணக்குக்கு விடை சொல்வதுபோலச் சொன்னாள்.

"ஊடு பூட்டியிருந்துச்சுங் டீச்சர். லீவுன்னு நேத்தே சொல்லீருந்தீங்கன்னா எங்கம்மா சாவிய வெச்சுட்டுப் போயிருக்குமுங்."

அம்மா அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுததைப் பார்த்தேன். மேலதிகாரி மெமோ கொடுப்பார் என்பதற்காக அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். மெமோவும் பின்னால் வரத்தான் செய்தது. அறிவிப்பு வருவதற்கு முன்பே பள்ளியை மூடியது ஏன் என்று கேட்டிருந்தார்கள். டிவிச் செய்தியைத் தான் தவறாகப் புரிந்துகொண்டதாக அம்மா பதில் எழுதினாள். என்னைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

அன்று வீட்டுக்கு வந்து, பவித்ராவுக்கும் அவள் அம்மாவுக்கும் சுடுசோறு போட்டு அனுப்பிய பிறகு, பன்னிரண்டரை மணி சுமாருக்குக் கரண்ட் வந்தது. டிவி தானாகவே உயிர் பெற்றது. நான்தான் அமத்தவே இல்லையே. அடியில் எழுத்து ஓடியது. இந்த முறை கடைசி எழுத்து மறையும்வரை அசையாமல் நின்று படித்தேன். கனமழை தொடர்வதால் கோவை மாவட்டம் முழுவதும் அனைத்துப் பள்ளிகளுக்கும் இன்று பிற்பகல் விடுமுறை.

முழுவதும்! அனைத்தும்! 'மட்டும்' எங்குமே இல்லை. காலையிலிருந்து என் நெஞ்சில் இருந்த கல் உருண்டு விழுந்தது.

"அம்மா, பாத்தீங்களா! நம்முளுக்கும் லீவு உட்டாச்சு! நாஞ் சொன்னது சரியாத்தானே போச்சு!"

அம்மா திரையைப் பார்த்தாள். "இப்பவா சொல்றது?" என்று டிவியைப் பார்த்துக் கேட்டாள். பிறகு என் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். அவள் என்னை அடித்தது அதுதான் முதல் தடவை. அடித்த கையோடு வருகைப் பதிவேட்டை எடுத்து உட்கார்ந்து, போன் இருந்த வீடுகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் பேச ஆரம்பித்தாள். "நாளைக்கு லீவு உட்டாலும் உடுவாங்க, எனக்குத் தெரியாதுங்க. எதுக்கும் ஊட்டுச் சாவியப் புள்ளைகிட்டக் குடுத்துட்டுப் போங்க."

நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பொய்ச் செய்தி கொண்டுபோனபோது அடிக்காதவள், செய்தி மெய்யானதும் அடிக்கிறாளே, இது என்ன நியாயம்? மாவட்டம் முழுக்க அந்த நேரத்தில் எத்தனை பிள்ளைகள் நனைந்துகொண்டு வீட்டுக்கு நடந்தார்கள், அதில் எத்தனை வீடு பூட்டியிருந்தது என்பதெல்லாம் பத்து வயதில் எனக்கு எங்கே தெரிந்தது? வால்பாறையில் பிறந்திருந்தால் இந்த அடி விழுந்திருக்காது என்றுதான் அன்று நினைத்தேன்.