சித்தப்பா லாரியும் அத்தை விமானமும்

எங்கள் வீட்டில் விமானத்தைப் பற்றித் தெளிவான கருத்து உடையவர் என் சித்தப்பா ஒருவர்தான். அவர் அதில் ஏறியதில்லை, கிட்டத்தில் போய்ப் பார்த்ததுமில்லை. அதனால் அவர் கருத்தில் குழப்பம் ஏதும் இருக்கவில்லை.

அப்பாவுக்குச் சாலைக் கடைத்தெருவில் இரும்புக் கடை. சித்தப்பாவுக்கு ஒரு லாரி. அது நாகர்கோவிலிலிருந்து அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு வரும். வருஷத்துக்கு ஒருமுறை அதைச் சோதிக்க ஓர் அதிகாரி கடைக்கே வருவார். ஒரு இளநீர் குடிப்பார். முன் டயரைச் செருப்புக் காலால் ஒரு தட்டுத் தட்டுவார். "ஓடும் இல்லியோ?" என்று கேட்பார். "பின்னே?" என்பார் சித்தப்பா. கையெழுத்து விழுந்துவிடும். அந்தக் காகிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மகாலட்சுமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்.

யுத்தம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, ஒரு சாயங்காலம் என் அத்தை பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, தான் விமானத்தில் போகப்போவதாகச் சொன்னார். அத்தை அப்பாவுக்குத் தங்கை, சித்தப்பாவுக்கு அக்கா. சின்ன வயதிலேயே கணவரை இழந்து எங்களோடு இருந்தார். பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். தேயிலைத் தோட்ட முதலாளி ஒருவர் சொந்தமாகச் சின்ன விமானம் வாங்கியிருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமைகளில் சங்குமுகம் மைதானத்திலிருந்து கடலுக்கு மேலே ஒரு சுற்று சுற்றிக் காட்டுகிறாராம். அத்தை இரண்டு பேருக்கு இடம் சொல்லி வைத்துவிட்டார். இரண்டாவது ஆள் நான்.

வீடு இரண்டு நாள் கொந்தளித்தது. அம்மா அழுதாள். சித்தப்பா அழவில்லை, வாதாடினார்.

"அக்கா, ரோட்டுல வண்டி நின்னு போச்சுன்னா எறங்கித் தள்ளலாம். ஆகாசத்துல நின்னு போச்சுன்னா ஆரு தள்ளுவா?"

எனக்கு அது மறுக்கவே முடியாத வாதமாகப் பட்டது. ஆனால் அத்தை ஒன்றைத் தீர்மானித்துவிட்டால் விடைத்தாளின் அடியில் கோடு போட்ட மாதிரி. கடைசியில் சித்தப்பாவே இறங்கி வந்தார்.

"சரி, போறது போறே. அந்த மைதானம் வரைக்குமாவது நம்ம லாரியில பத்திரமாப் போ."

ஞாயிற்றுக்கிழமை காலை லாரியில் ஏறியவர்கள் பதினெட்டுப் பேர். வழியனுப்ப வந்தவர்களும் வேடிக்கை பார்க்க வந்தவர்களுமாக அரிசி மூட்டைகளின் மேல் உட்கார்ந்தோம். எனக்குப் பட்டுப்பாவாடை கட்டிவிட்டிருந்தார்கள். புறப்படுவதற்கு முன் டிரைவர் சித்தப்பாவிடம் வந்து தணிந்த குரலில் பேசியது என் காதில் விழுந்தது. குழித்துறைக்காரர், ஒல்லியான மனிதர்.

"மொதலாளி, பிரேக்கு சவுட்டுனா தரை வரைக்கும் போவுது. இண்ணைக்கு வேண்டாம்."

"ஞாயித்துக்கெழம எவன்டே பட்டறை தொறந்து வச்சிருக்கான்? நாளைக்குப் பாப்போம். மெள்ளப் போ."

டிரைவர் ஏறி உட்கார்ந்தார்.

விமானத்தைப் பார்த்ததும் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இரண்டு அடுக்குச் சிறகும் துணி போர்த்திய உடம்புமாக அது லாரியில் பாதிகூட இல்லை. அங்கிருந்த மெக்கானிக் எங்களை முதலில் அரிசி நிறுக்கும் தராசு மாதிரி ஒன்றில் நிற்கச் சொன்னார். பதினேழு சொந்தக்காரர்களுக்கு எதிரில் அத்தை கூச்சமில்லாமல் ஏறி நின்றார். மெக்கானிக் என் எடையையும் பார்த்து ஒரு புத்தகத்தில் எழுதிக்கொண்டார். லாரியில் ஏறும்போது எங்களை எண்ணக்கூட யாரும் எண்ணவில்லையே, இவருக்கு ஏன் இத்தனை சந்தேகம் என்று நினைத்தேன்.

அதோடு விடவில்லை. பெட்ரோலைக் கொஞ்சம் ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்து, அதில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று வெயிலில் தூக்கிப் பார்த்தார். சிறகுகளுக்கு நடுவில் கட்டிய கம்பிகளை ஒவ்வொன்றாகக் கையால் இழுத்துப் பார்த்தார். பிறகு சக்கரத்துக்கு அடியில் படுத்தார். நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. எழுந்தபோது அவர் விரல் நுனியில் கொண்டை ஊசி அளவுக்கு ஒரு பின் இருந்தது. போல்ட்டு கழன்றுவிடாமல் செருகி வைப்பது. அதன் ஒரு கால் ஒடிந்திருந்தது.

"இந்நு பறக்கான் பற்றில்லா," என்றார். இன்றைக்குப் பறக்க முடியாதாம். "வேற பின் இல்லா. மெட்ராஸில் நிந்நு வரணும்."

தொப்பி வைத்த தோட்ட முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. இத்தனை பேர் காத்திருக்கிறார்கள், ஒரு கம்பியை வளைத்துச் செருகு என்றார். மெக்கானிக் அந்தப் புத்தகத்தை மூடி மார்போடு வைத்துக்கொண்டார்.

"சாறே, இதில் ஞான் ஒப்பிடில்லா."

ஒப்பு என்றால் கையெழுத்து. அது இல்லாமல் தான் ஏறமுடியாது என்று முதலாளி சம்பளத்துக்கு வைத்திருந்த விமானமோட்டியும் கையை விரித்துவிட்டார். முதலாளி சத்தம் போட்டார். கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கியது. தன்னுடைய சொந்த விமானத்தின் முன் அவர் செய்வதறியாமல் நின்றார்.

நான் கோவென்று அழுதேன். அந்த மெக்கானிக்கைப் போலக் கல்நெஞ்சக்காரர் உலகத்தில் இல்லை என்று தோன்றியது. சித்தப்பாவுக்கோ சந்தோஷம் பொங்கியது.

"பாத்தியாக்கா? ஒரு ஆணி ஒடிஞ்சா ஓடாதாம், இதெல்லாம் ஒரு வண்டியா? அதுவும் மொதலாளி சொல்லுகாரு, கூலிக்காரன் மாட்டேங்கான்! நம்ம லாரியில ஒடியாத சாமான் ஒண்ணு காட்டு பாப்போம். ஓடுகா இல்லியா?"

எல்லாரும் சிரித்தார்கள். அத்தை மட்டும் அந்த மெக்கானிக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் அழுகையை நிறுத்துவதற்காகச் சித்தப்பா லாரியை மிருகக்காட்சி சாலைக்கு விடச் சொன்னார். புலியைப் பார்த்தோம். கடலை தின்றோம். திரும்பும்போது பாளையம் தாண்டித் தம்பானூருக்கு இறங்கும் சரிவில் லாரி தானாக வேகம் பிடித்தது. முதலில் நாங்கள் குழந்தைகள் கை தட்டினோம். முன்னாலிருந்து டிரைவர் "பிடிச்சுக்கோ! பிடிச்சுக்கோ!" என்று கத்தியது கேட்டது. எதிரே ஒரு மாட்டுவண்டி ஏறி வந்துகொண்டிருந்தது. டிரைவர் லாரியை இடது பக்கம் ஒடித்து ஒரு வெட்டுக்கல் மதிலில் உரசவிட்டார். கல் சரிந்தது. மூட்டைகள் சரிந்தன. நான் அரிசிக்குள் விழுந்தேன். என் மேல் விழ வந்த மூட்டையை அத்தை கையை நீட்டித் தடுத்ததைப் பார்த்தேன். கை முறிந்த சத்தத்தையும் கேட்டேன்.

உயிர் ஒன்றும் போகவில்லை. பெரியப்பா மகனுக்கு இரண்டு பல் போயிற்று. டிரைவருக்கு நெற்றி கிழிந்தது. அத்தைக்கு வலது கை, முழங்கைக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு.

ஆஸ்பத்திரியில் சித்தப்பா கட்டிலருகே நின்று கண்ணீரைத் துடைத்துக்கொண்டார். அவர் நல்ல மனிதர், அழுகையும் நிஜமானதுதான்.

"பப்பநாபசாமி காப்பாத்தினாரு. நெனச்சுப் பாருக்கா. தரையில போனதுக்கே இந்தக் கதின்னா, அந்த விமானத்துல ஏறியிருந்தா என்ன ஆயிருக்கும்!"

எங்கள் வீட்டார் அத்தனை பேரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். நானும் சொன்னேன். அத்தை சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். வலி தாங்காமல் அப்படிச் செய்கிறார் என்று அம்மா நர்ஸைக் கூப்பிட ஓடினாள்.

டிரைவரைச் சித்தப்பா அன்றைக்கே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். தலையில் கட்டோடு அவர் அத்தையைப் பார்க்க வந்து வாசலோரம் நின்றார். "நீ சொன்னியாமே, பிரேக் சரியில்லன்னு?" என்று அத்தை கேட்டார். என்னிடமிருந்து கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார்.

"சொன்னேன் டீச்சரம்மா. அதுக்கு மேல நான் என்ன செய்யட்டு?"



மூன்று மாதம் கழித்து, கை சற்று வளைந்தபடியே கூடியபின், அத்தை மறுபடியும் பெயர் கொடுத்தார். இந்தத் தடவை வில்வண்டி வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேர் மட்டும் சங்குமுகம் போனோம். அதே மெக்கானிக். அதே தராசு, அதே குப்பி. சக்கரத்தடியிலிருந்து எழுந்து வந்து, புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு, அதை அத்தையிடம் திருப்பிக் காட்டினார். அத்தை அதை நிதானமாகப் படித்தார். பிறகு என்னைத் தூக்கி உள்ளே வைக்கச் சொன்னார்.

நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். பின் எப்போதோ திறந்தபோது கடல் ஒரு சாய்ந்த நீலத் தட்டாக இருந்தது. கோயில் கோபுரம் தென்னங்காட்டுக்கு நடுவில் கையகலம் தெரிந்தது. அத்தை குனிந்து எல்லாவற்றையும் எனக்குக் காட்டினார். எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. கீழே போனால் போதுமென்று இருந்தது.

இறங்கியபோது மைதானத்து ஓரத்தில் சித்தப்பாவின் லாரி நின்றது. பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு எங்களை அழைத்துப்போக வந்திருந்தார். நாங்கள் வந்த வில்வண்டியைக் கூலி கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டிருந்தார். வண்டியில் புது டிரைவர். ஒரு பக்கத்து விளக்கு இன்னும் கயிற்றில் தொங்கியது.

"ஏறு மக்கா, ஏறு. பயந்து போனியா?"

ஓடிப்போய் ஏறிக்கொண்டேன். மூட்டையின் மேல் உட்கார்ந்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. இனி ஒன்றும் ஆகாது.

அத்தை ஏறவில்லை. கூப்பிட்டுப் பார்த்தார்கள். "நான் நடந்து வாறேன்," என்று சொல்லிவிட்டு, வளைந்த கையால் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, அவ்வளவு தூரத்தையும் நடக்கத் தொடங்கினார். அத்தைக்குக் கடற்காற்று அத்தனை பிடிக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.