சுவர் தின்ற நாலு பங்கு

இருபது வருஷம் குழாய் மாட்டியவர் பிளம்பர். முழங்கால் மக்கர் பண்ணவே, ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். வேலை தற்காலிகம்தான். அங்கே ஆராய்ச்சி செய்யும் மேடம் நல்லபடியாக எழுதிக் கொடுத்தால்தான் நிரந்தரம்.

காலையில் கறிக்கடைக்குப் போய், அப்போதுதான் அறுத்த ஆட்டின் இரைப்பைத் துண்டை வெதுவெதுப்பான உப்புநீரில் போட்டு, அது சாவதற்குள் ஓடி வரவேண்டும். இரண்டு கண்ணாடிக் குப்பிகளுக்கு நடுவே அதைச் சுவராக வைத்துத் திருகை இறுக்குவதும் அவரே. ஒரு பக்கம் லாக்டேட் ஊற்றுவார்கள். தானியத்தை வளைத்துக் கட்டிய ஆட்டின் வயிற்றில் சேருகிற புளிப்பு அது. மறுபக்கம் எவ்வளவு போகிறதென்று மேடம் அளப்பார்.

ஒருநாள் மேடம் போனில் சொன்னது காதில் விழுந்தது.

"இந்தப் பக்கம் பத்து பங்கு குறையுது. அந்தப் பக்கம் ஆறுதான் வருது. நாலு எங்க போச்சு?"

தான் இறுக்கிய இடத்தில்தான் ஒழுகுகிறது என்று பிளம்பர் முடிவுகட்டினார். அவர் மாட்டிய குழாய் இதுவரை ஒரு சொட்டு ஒழுகியதில்லை. போயும் போயும் ஒரு ஆட்டு இரைப்பையா மானத்தை வாங்குவது! மறுநாள் மேடம் சாப்பிடப் போன நேரம் பார்த்து, பாட்டிலிலிருந்து கொஞ்சம் லாக்டேட்டை மறுபக்கக் குப்பியில் விட்டுச் சரிக்கட்டினார். இப்படியே நாலு நாள்.

ஐந்தாம் நாள் மேடம் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். "போனது முழுசா அந்தப் பக்கம் வந்துடுது. இரைப்பை செத்துப்போச்சு போல. கறிக்கடைய மாத்தணும்."

கறிக்கடைக்காரர் பாவம், இவருக்காகவே முதல் ஆட்டை எடுத்து வைக்கிறவர். பிளம்பருக்கு மனசு கேட்கவில்லை.

"நான்தான் ஊத்தினேன் மேடம். ஒழுகுதுன்னு நினைச்சேன். வேலைய விட்டுத் தூக்கிடாதீங்க."

மேடம் பிடித்தார் ஒரு பிடி. "ஐயா! அந்தச் சுவருக்கு உயிர் இருக்கு. கடத்தி விடும்போதே நாலு பங்கை அதுவே தின்னுடுது. அதைத்தானே ஒரு வருஷமா அளந்துட்டிருக்கேன்!"

திட்டி முடித்துத் தண்ணீர் குடித்ததும் குரல் இறங்கியது. "நீங்க மாட்டினது ஒழுகாது. அதனாலதான் தின்னது சுவர்தான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியுது. அப்படியே எழுதிக் கொடுக்கறேன். ஆனா பாட்டில் பக்கம் போனீங்க, கைய ஒடிச்சிடுவேன்."

பிளம்பருக்குக் கண் கலங்கிவிட்டது.

சாயங்காலம் வீட்டுக்குப் பன் வாங்கிப் போனார். மனைவி பையைப் பிரித்தாள்.

"போன்ல பத்துன்னீங்க, ஆறுதான் இருக்கு. பை ஓட்டையா?"

"ஒழுகலடி," என்றார் மீசையைத் துடைத்துக்கொண்டே. "தூக்கிட்டு வந்த சுவருக்கும் உயிர் இருக்குல்ல?"