அம்மா இங்கேயேதான் இருப்பேன்

பல் டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் அவளுக்கு, அங்கே வந்து போகிறவர்கள் வைத்த பெயர் ‘அஞ்சு நிமிஷம்’. டாக்டர் வீட்டை விட்டே கிளம்பியிருக்க மாட்டார். கன்னம் வீங்கி உட்கார்ந்திருப்பவரிடம் சிரித்த முகம் மாறாமல், “வந்துட்டே இருக்காரு சார், அஞ்சே நிமிஷம்” என்பாள். ஊசியைப் பார்த்து மிரளும் பிள்ளைகளிடம், “எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காது கண்ணு” என்பாள். வலிக்கத்தான் வலிக்கும். ஆனாலும் அவள் சொன்னால் நம்பத் தோன்றும். “நீ இல்லேன்னா பாதிப் பேரு வாசலோட திரும்பிடுவாங்க” என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். யாரையும் ஏமாற்றுவதாக அவள் நினைத்ததில்லை. பயந்து கிடப்பவர்களைச் சமாளிக்கத் தெரிவது ஒரு சாமர்த்தியம், அவ்வளவுதான்.

அவள் மகள் சுண்டு. பிறந்தபோது சுண்டுவிரல் அளவுக்குத்தான் இருந்தாள் என்று அப்பா வைத்த பெயர். பள்ளியில் எழுதிக் கொடுத்த பெயர் வேறு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். அப்பா சரக்கு லாரி ஓட்டுபவர், வெளியூர் போனால் வர நாளாகும். அதனால் சுண்டு வளர்ந்ததே கிளினிக்கில், டோக்கன் மேஜைக்கு அடியில் விரித்த பாயில்தான். காலிப் பஞ்சு டப்பாக்களை அடுக்கி விளையாடுவாள். தலையை நீட்டினால் அம்மாவின் கால் தெரியும். அது போதும் அவளுக்கு.

பள்ளிக்கூடத்து முதல் நாள் அம்மாவின் காலை அவள் விடவில்லை. கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். சுற்றிலும் ஒரே அழுகை. பக்கத்தில் இரட்டைப் பையன்களின் அம்மா ஒருத்தி, ஒருவனை உள்ளே தள்ளினால் இன்னொருவன் வெளியே வர, வியர்த்து வழிந்துகொண்டிருந்தாள். கிளினிக்குக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. கேட்டுக்கு வெளியே பெரிய மரம் ஒன்றும் அதன் அடியில் ஒரு சிமெண்டு பெஞ்சும் இருந்தன. அவள் குனிந்து மகளின் முகத்தைத் துடைத்தாள்.

“அந்த பெஞ்சைப் பாத்தியா? அம்மா அங்கேயேதான் உக்காந்திருப்பேன். நீ வர்ற வரைக்கும் ஒரு அடி நகர மாட்டேன்.”

“பாத்ரூம் வந்தா?”

“அடக்கிப்பேன்.”

சுண்டு கையை எடுத்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பெரிய மனுஷி போல உள்ளே நடந்தாள். இரட்டையரின் அம்மா வாயைப் பிளந்தாள். “என்னங்க மந்திரம் போட்டீங்க?”

“இங்கேயே இருக்கேன்னு சொன்னேன். அவ்வளவுதான். நீங்களும் சொல்லிப் பாருங்க” என்று சிரித்துவிட்டு, அவள் ஓடிப்போய் பஸ்ஸைப் பிடித்தாள். கேட்டருகே ஸ்டூலில் இருந்த வாட்ச்மேன் அதைப் பார்த்தார்.

மதியம் டாக்டரிடம் கெஞ்சி முன்னதாகக் கிளம்பி, மூச்சிரைக்க வந்து, மணி அடிப்பதற்குள் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். சுண்டு ஓடி வந்தாள். முதல் வேலையாகப் பையைத் திறந்து, டிபன் டப்பாவிலிருந்து பாதி பிஸ்கட்டை எடுத்து நீட்டினாள். கைபட்டு ஈரமாகி, ஓரம் உதிர்ந்திருந்தது.

“உனக்குத்தான். காலையிலேருந்து நீ ஒண்ணுமே சாப்பிடலைல்ல?”

கிளினிக்கில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்தவள் அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள்.

“தனியா என்ன பண்ணுன?” என்று கேட்டாள் சுண்டு.

“காக்கா வந்துச்சு. அதுகூடப் பேசிட்டிருந்தேன். அப்புறம் ஒரு வெள்ளை நாய் வந்துச்சு.”

அப்படி ஆரம்பித்தது. மறுநாள் வெள்ளை நாய்க்கு ஒரு குட்டி பிறந்தது. அதற்கு மறுநாள் காக்கா பெஞ்சில் வந்து உட்கார்ந்தது. பாதி பிஸ்கட் தினமும் வந்தது. ஒருநாள் அதோடு வகுப்பில் கொடுத்த மிட்டாயும், நக்காமல், சட்டைப் பையில் ஒட்டிக்கொண்டு வந்தது. அவளுக்கு உள்ளே ஏதோ உறுத்தியது. திங்கள்கிழமை வந்தால் பழகிவிடும், அப்புறம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று தள்ளிப்போட்டாள்.

இரட்டையரின் அம்மா ஒரு காலையில் அவளைப் பிடித்துக்கொண்டாள். “உங்க பொண்ணு கிளாஸ் பூரா சொல்லி வச்சிருக்கா, எங்கம்மா மரத்தடியிலேயே இருக்காங்கன்னு. நீ மட்டும் ஏம்மா வீட்டுக்குப் போறேன்னு ரெண்டு பேரும் என்னை உலுக்கி எடுக்குறானுங்க. நெஜமாவே இருக்கீங்களா?”

அவள் சிரித்து மழுப்பினாள். காது மடல் சுட்டது. அந்தப் பெண்ணின் கண்ணைப் பார்க்காமல், செருப்பு வாரைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டாள்.

வியாழக்கிழமை காலை பத்து மணி வாக்கில் மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழையில்லை. கிளினிக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் தெருவே தெரியவில்லை. அவள் ஒரு பெரியவரிடம், “அஞ்சே நிமிஷம் ஐயா” என்று சொல்லிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பள்ளிக்கூடத்திலிருந்து. உடனே வரச் சொன்னார்கள். குழந்தைக்கு ஒன்றுமில்லை என்றும் சொன்னார்கள். அப்படி எத்தனை பேரிடம் அவளே சொல்லியிருக்கிறாள்! நம்ப முடியவில்லை. டாக்டரிடம் சொல்லக்கூட நிற்காமல் ஓடினாள்.

தலைமையாசிரியை அறையில் சுண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். யாருடையதோ ஒரு சட்டையைப் போட்டுவிட்டிருந்தார்கள். கை முழுவதும் உள்ளே போயிருந்தது. தலைமுடி நனைந்து நெற்றியோடு ஒட்டிக் கிடந்தது. மடியில் அவளுடைய சிவப்பு மழைக்கோட்டு, மடித்தது மடித்தபடி.

வகுப்பு டீச்சர் சின்னப் பெண். அழுதிருந்தாள். “சாரல் அடிக்குதுன்னு ஜன்னலைச் சாத்திட்டிருந்தேங்க. அந்த நேரத்துல வெளியே போயிட்டா. என் தப்புதான்.”

நடந்தது இதுதான். மழை பெய்ததும் சுண்டு தன் மழைக்கோட்டை எடுத்துக்கொண்டு, அதைப் போட்டுக்கொள்ளாமல், கேட்டைத் தாண்டிப் போயிருக்கிறாள். தண்ணீர் கேன் வண்டிக்காகத் திறந்த கேட் அப்போது சாத்தப்படவில்லை. பெஞ்ச் காலி. மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, “அம்மா, கோட்டு!” என்று கத்திக்கொண்டிருந்தவளை வாட்ச்மேன்தான் பார்த்துத் தூக்கி வந்திருக்கிறார். “உங்கம்மா காலையிலேயே பஸ் ஏறிப் போயிட்டாங்களே பாப்பா” என்று அவர் வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

அவரும் அறையின் மூலையில் நின்றார், சொட்டச் சொட்ட. கேட்டைத் திறந்து போட்டதற்குத் தலைமையாசிரியையிடம் ஏற்கெனவே வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

சுண்டு அம்மாவை ஏறிட்டுப் பார்த்தாள். “நீ எங்க போன?”

இப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் பழகிய வாய் முந்திக்கொண்டது. “மழைன்னு அந்தக் கடையோரம் ஒதுங்கி நின்னேன் கண்ணு. நீ பாக்கல.”

சுண்டுவின் முகம் மலர்ந்தது. அப்படியே வாட்ச்மேன் பக்கம் திரும்பி விரலை நீட்டினாள். “இந்த மாமா பொய் சொன்னாரு! நீ பஸ்ல போயிட்டேன்னு பொய் சொன்னாரு!”

பெரியவர்கள் எல்லோருக்கும் உண்மை தெரியும். வாட்ச்மேன் அம்மாவை ஒருமுறை பார்த்தார், பிறகு குழந்தையைப் பார்த்தார்.

“ஆமா பாப்பா. நான் சரியா கவனிக்கல. தப்புதான்” என்றார்.

அவளுக்குத் தலை நிமிரவில்லை. தரையில் அவருடைய காலைச் சுற்றித் தேங்கிய தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் இல்லை. வீட்டில் சோறு பிசைந்து ஊட்டும்போது சொல்லிவிட நினைத்தாள். தலை வாரும்போது நினைத்தாள். சுண்டு அந்த மாமாவின் பொய்யைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். “பொய் சொன்னா வாய் நாறும்தானேம்மா?” என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை, கேட்டுக்கு முன்னால், ஸ்டூலில் வாட்ச்மேன் இருக்கும்போதே அவள் ஈரத் தரையில் மண்டியிட்டாள்.

“சுண்டு, மாமா பொய் சொல்லல. அம்மாதான் சொன்னேன். நான் இங்க இருக்கவே இல்ல. நீ உள்ள போனதும் வேலைக்குப் போயிடுவேன். மணி அடிக்கிறதுக்குள்ள வந்துடுவேன்.”

கூச்சல் போடுவாள், காலைக் கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தாள். சுண்டு பெஞ்சைப் பார்த்தாள்.

“காக்கா?”

“அதுவும் பொய்தான்.”

“நாய்க்குட்டி?”

“இல்லம்மா.”

சுண்டு உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. அழுதிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

எழுந்து வாட்ச்மேன் முன்னால் போய் நின்றாள். “என்னால உங்களுக்கு எல்லார் முன்னாடியும்...”

“கேட்டைச் சாத்தாதது நான்தானேம்மா” என்றார் அவர். “பஸ் வருது, போங்க.”

அன்று மதியம் டிபன் டப்பா காலியாக இருந்தது. பிஸ்கட்டை முழுசாகத் தின்றுவிட்டிருந்தாள். நல்லதுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே, அவள் டப்பாவை இரண்டு முறை திறந்து பார்த்தாள். அழுகையில்லாமல் சுண்டு பள்ளிக்குப் போகத் தொடங்கினாள், தோழிகள் கிடைத்தார்கள், பாட்டுகள் வந்தன. டீச்சர் பாராட்டினாள், நன்றாகப் பழகிவிட்டாள் என்று.

ஆனால் அடுத்த வாரத்தில் ஒருநாள் பஸ் ஜன்னலோரம் இடம் கிடைத்து, அவள் கேட் பக்கம் திரும்பிப் பார்த்தாள். சுண்டு இன்னும் உள்ளே போகாமல் நின்றிருந்தாள். வாட்ச்மேனின் சட்டையைப் பிடித்து இழுத்து ஏதோ கேட்டாள். அவர் பஸ்ஸைக் கைகாட்டி, ஆமாம் என்று தலையை ஆட்டினார். அதைப் பார்த்த பிறகுதான் சுண்டு உள்ளே போனாள்.

வேலைக்குப் போகிறேன் என்று வாயால் சொல்லி முத்தமும் கொடுத்துவிட்டு வந்தவள் ஜன்னல் பக்கமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பக்கத்தில் இருந்த பெண், “கண்ணுல தூசியா?” என்று கேட்டாள். அவள் இல்லை என்றாள்.