டீயைப் பற்றி நான் ஃபோனில் படித்ததும் அனுப்பியதும்

டீத்தூள் விற்பவளுக்கு மோப்பம் தெரிந்தால் போதும் என்று நினைத்துத்தான் கடை வைத்தேன். இப்போது பார்த்தால் வாதாடவும் தெரிய வேண்டியிருக்கிறது. எதை எடை போட்டாலும், "இதப் பத்தி வேற மாதிரி போட்டிருக்கே" என்று ஃபோனை முகத்துக்கு நேரே நீட்டுகிறார்கள். மருந்துக்கடையோ செக்கு எண்ணெய்க் கடையோ வைத்திருப்பவர்களுக்கு இந்த வேதனையை நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் அனுபவித்துக்கொண்டுதான் இருப்பீர்கள்.

மதுராந்தகம் பஸ் நிலையத்திலிருந்து மார்க்கெட்டுக்குப் போகும் வழியில் என் கடை. நீலகிரியிலிருந்தும் அசாமிலிருந்தும் மூட்டையாக வரும் தூளைக் கலந்து விற்கிறேன். பொட்டலம் கட்டுவது லூர்து அக்கா. கருங்குழியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறார். பன்னிரண்டு வருஷப் பழக்கம். என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார். அவருடைய ஒரே மகள் ஸ்டெல்லா. அந்தப் பெண்ணுக்குப் பிரசவ நேரத்தில் உடம்பில் ரத்தம் இல்லாமல் போனதில் எனக்கும் பங்கு உண்டு. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்கினால்தான் நான் அந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்பது புரியும்.

பச்சைத் தண்ணீர்ச் சோதனை

கல்பாக்கத்திலிருந்து மாதம் ஒருமுறை வந்து அரைக் கிலோ வாங்கிப் போகும் பெரியவர் ஒருவர் உண்டு. பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் பையிலிருந்து கண்ணாடி டம்ளரை எடுத்து என் மேஜை மேல் வைத்தார். பச்சைத் தண்ணீர் ஊற்றி, அதில் என் தூளைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் சிவந்தது. நல்ல தூள் வெந்நீரில்தான் சாயம் விடும், பச்சைத் தண்ணீரில் விட்டால் அது கலப்படம் என்று ஏதோ வீடியோவில் சொன்னார்களாம். கடையில் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

எங்கள் தூள் டஸ்ட், அதாவது மாவு போலப் பொடிந்தது. அது பச்சைத் தண்ணீரிலும் மெதுவாகச் சாயம் விடத்தான் செய்யும் என்றேன். அவர் நம்பவில்லை. அதே தோட்டத்திலிருந்து வந்த இலைத் தூளை இன்னொரு டம்ளரில் போட்டேன். அந்தத் தண்ணீர் வெகுநேரம் தெளிவாகவே இருந்தது. வடிகட்டும் தாளை நனைத்து, அதன் மேல் டஸ்டைத் தூவினேன். சாயப்பொடி கலந்திருந்தால் தாளில் திட்டுத் திட்டாகப் பரவியிருக்கும். அப்படி எதுவும் இல்லை. பெரியவர் இரண்டு டம்ளர்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தன்னுடையதைக் கழுவித் துடைத்துப் பைக்குள் வைத்தபடி சொன்னார்: "வீடியோ எடுத்தவன் எந்தத் தூளைப் போட்டான்னு நான் கேக்கவே இல்லையேம்மா. வேலையில இருந்தப்ப இப்படி ஒரு ரிப்போர்ட் வந்திருந்தா கையெழுத்துப் போடாம திருப்பி அனுப்பியிருப்பேன்."

காலை ஏழு மணி ஸ்டேட்டஸ்

அன்று நின்றிருந்த நாலு பேரும் ஊரெல்லாம் போய்ச் சொன்னதில் எனக்குத் திடீரென்று மதிப்பு கூடிவிட்டது. தினமும் காலையில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் டீயைப் பற்றி ஒரு தகவல் போட ஆரம்பித்தேன். தூளை எப்படிக் காற்றுப் புகாமல் வைப்பது, பாலை எப்போது ஊற்றுவது, ஒருமுறை கொதித்த தூளை ஏன் மறுபடி கொதிக்க விடக்கூடாது. எல்லாம் எனக்குக் கைவந்த விஷயங்கள். வாடிக்கையாளர்கள் எடுத்துத் தங்கள் குடும்பக் குழுக்களில் போட்டார்கள். திருப்போரூரிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் கூப்பிட்டு, "மேடம், ஒரு சந்தேகம்" என்றார். என்னை மேடம் என்று கூப்பிட்ட முதல் ஆள் அவர்தான். அன்றைக்குப் பூராவும் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. பொட்டலம் கட்டிக்கொண்டே லூர்து அக்கா கேட்டார்: "இன்னா வசந்தி, கடைய மூடிட்டு பள்ளிக்கூடம் தொறக்கப் போறியா?"

பல்லவர் குடித்த டீ

மாமல்லபுரத்தில் வெளிநாட்டுப் பயணிகளுக்காகச் சின்னதாக ஒரு தங்கும் விடுதி நடத்துகிறவர் என்னிடம் நீலகிரி இலைத் தூள் வாங்குவார். பெயர் பாபு. புதிதாக அச்சடித்த மெனு அட்டையைக் காட்ட வந்தார். அதில், 'பல்லவர் காலத் தேநீர்: இதே துறைமுகத்திலிருந்து கப்பலேறிய இலை' என்று போட்டிருந்தது. எங்கே கிடைத்தது என்றேன். இன்டர்நெட்டில் இருக்கிறதாம். ஒன்றல்ல, மூன்று பக்கங்களைக் காட்டினார். மூன்றிலும் அதே வரி, அதே வார்த்தைகள். ஒருவர் எழுதியதை மற்ற இரண்டு பேர் அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள் என்பது பார்த்தாலே தெரிந்தது.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நம் பக்கம் தேயிலைத் தோட்டம் போட்டவனே வெள்ளைக்காரன், பல்லவர் எங்கே டீ குடித்தார், இப்படிப் பொய்யைப் பரப்பலாமா என்று கால் மணி நேரம் பாடம் எடுத்தேன். மூன்று பேர் சொன்னால் மூன்று சாட்சி ஆகிவிடாது, ஒருத்தன் சொன்னதை மூன்று வாய் சொல்கிறது, அவ்வளவுதான் என்று விரலை ஆட்டிப் பேசினேன். அந்த விரலை நினைத்தால் இப்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பாபு பொறுமையாகக் கேட்டுவிட்டு அட்டையை மடித்தார்: "அக்கா, அதே வெள்ளக்காரன்தான் அத்தப் படிச்சுட்டு, போட்டோ புடிச்சுக்கினு சந்தோசமா போறான். உனுக்கு இன்னா பேஜாரு?"

கையில் சரக்கு தீர்ந்த நாள்

தினமும் ஒரு தகவல் என்றால் எத்தனை நாளைக்கு வரும்? தெரிந்ததெல்லாம் இரண்டு மாதத்தில் தீர்ந்துவிட்டது. ஏரி நிரம்பி மழை விடாமல் பெய்த ஒரு வாரம், கடைக்கு ஆளே இல்லை. அன்று காலை ஏழு மணி ஆகியும் எழுத ஒன்றும் கிடைக்கவில்லை. முந்தின நாள் பாதியில் நிறுத்திய ஏதோ வீடியோ நினைவுக்கு வந்தது. 'பால் சேர்க்காத டீயில் வெல்லம் தட்டிப்போட்டுக் குடித்தால் ரத்தம் ஊறும். கர்ப்பிணிகளுக்கு மிகவும் நல்லது' என்று எழுதினேன். கர்ப்பிணிகளைப் பற்றி அந்த வீடியோ எதுவும் சொல்லவில்லை. வாக்கியம் குறையாக நிற்கிறதே என்று நானாகச் சேர்த்தது அது. கடையிலேயே டீ டம்ளரை ஒரு படமும் எடுத்துச் சேர்த்துப் போட்டேன்.

அதுவரை நான் போட்டதிலேயே அதிகம் பேர் பார்த்தது அதைத்தான். இரண்டு டீக்கடைக்காரர்கள் வெல்ல டீ போட ஆரம்பித்துவிட்டார்கள். அதில் ஒருவர், கருங்குழி ஜி.எஸ்.டி. சாலையோரம் கடை வைத்திருக்கும் சேகர், மறுநாளே கூடுதல் தூள் வாங்க வந்து சொன்னார்: "இதே மாரி டெய்லி ஒண்ணு எழுது அக்கா, சும்மா பிச்சுக்கினு போவுது."

ஸ்டெல்லாவின் கேள்வி

சில மாதங்கள் கழித்து ஸ்டெல்லாவுக்கு ஐந்தாம் மாதம். ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியில் கணினியில் பதிவு செய்யும் வேலை. காலை ஆறரைக்கே பஸ் பிடிப்பாள். ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தார்கள். மாத்திரை குமட்டுகிறது, டீயோடு விழுங்கினால்தான் உள்ளே இறங்குகிறது, அப்படிப் போடலாமா என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. என்னிடம் வந்து கேட்டார்.

நான் ஃபோனை எடுத்து, 'டீ குடித்தால் ரத்தம் ஊறுமா' என்று தேடினேன். கேள்வியிலேயே பதிலை வைத்துவிட்டேன் என்பது அப்போது உறைக்கவில்லை. தமிழில் ஒரு ஆரோக்கியப் பக்கம் வந்தது. தலைப்பே 'ரத்தம் ஊற வெல்ல டீ'. அதைத் தாண்டி நான் படிக்கவில்லை. நான் எழுதியது சரிதான் என்று ஒரே சந்தோஷம். அந்தப் பக்கத்தை அப்படியே ஸ்டெல்லாவுக்கு அனுப்பி, 'தாராளமாகக் குடி, வெல்லம் போட்டுக் குடி' என்று எழுதினேன். அக்கா அன்று மாலை நல்ல தூளாகக் கால் கிலோ எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் வந்து முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்: "குமட்டலயாம் வசந்தி. தெனம் ரெண்டு வேள டீயோடதான் போட்டுக்கினு கீறாளாம்."

எதோடு போட்டாய்?

மாதாமாதம் பரிசோதனையில் ரத்தத்தின் அளவு ஏறவில்லை. அப்புறம் இறங்கவும் ஆரம்பித்தது. மாத்திரையை விழுங்காமல் தூக்கி எறிகிறாய் என்று நர்ஸ் திட்டினார். ஒன்று விடாமல் போடுகிறேன் என்று ஸ்டெல்லா அழுதாள். ஒன்பதாம் மாதம் பஸ் படியேறும்போது மூச்சு வாங்கிக் கீழே உட்கார்ந்துவிட்டாள். செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தம் ஏற்ற வேண்டும், இந்த நிலையில் பிரசவம் ஆனால் தாய்க்கு ஆபத்து என்றார்கள். நான் கடையைச் சாத்திவிட்டு ஓடினேன்.

கட்டிலுக்குப் பக்கத்தில் இளம் டாக்டரம்மா நின்று கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். என்ன சாப்பிடுவாய், எப்போது சாப்பிடுவாய், மாத்திரையை எதோடு விழுங்குவாய். டீயோடு என்று ஸ்டெல்லா சொன்னதும் அவர் எழுதுவதை நிறுத்தினார். ஸ்டெல்லா தலையணைக்கடியிலிருந்த ஃபோனை எடுத்து, நான் அனுப்பிய பக்கத்தைக் காட்டினாள். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தேன். டாக்டரம்மா குரலை உயர்த்தவில்லை: "டீ மட்டும்தான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா டீயோட போட்டா மாத்திரையில இருக்கற இரும்புச்சத்து ஒடம்புல சரியா ஒட்டாது. நாலு மாசமா நீ போட்டதுல பெரும்பகுதி வீண்தான்மா."

அந்தப் படத்தில் இருந்த கை

வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தை முதல்முறையாக முழுக்கப் படித்தேன். எழுதியவர் பேர் இல்லை. டாக்டர் யாரும் சொன்னதாக இல்லை. 'பால் சேர்க்காத டீயில் வெல்லம் தட்டிப்போட்டு' என்று ஆரம்பித்து, 'கர்ப்பிணிகளுக்கு மிகவும் நல்லது' என்று முடிந்தது. கீழே ஒரு படம். டம்ளரைப் பிடித்திருந்த கையின் மணிக்கட்டில் பச்சை குத்திய சிலுவை. அது லூர்து அக்காவின் கை. மழைநாளில் என் கடையில் நான் எடுத்த படம். நான் எழுதியதையே யாரோ எடுத்துப் போட, அதையே சாட்சி என்று நம்பி நான் அந்தப் பெண்ணுக்கு அனுப்பியிருக்கிறேன்.

அதே பெஞ்சில், 'இரும்புச்சத்து மாத்திரையுடன் டீ குடிக்கலாமா' என்று ஒழுங்காகக் கேட்டுத் தேடினேன். டாக்டர்கள் பேர் போட்டு எழுதிய பக்கங்கள் வரிசையாக வந்தன. எல்லாம் ஒரே பதில்தான்: கூடாது, இடைவெளி வேண்டும். அன்றைக்கே இப்படிக் கேட்டிருந்தால் அன்றைக்கே கிடைத்திருக்கும். எனக்கு அடக்க முடியாமல் அழுகை வந்தது. பக்கத்திலிருந்த அம்மா ஒருவர், நான் நோயாளியின் தாய் என்று நினைத்து என் தோளைத் தட்டினார்: "அழாதம்மா, நீ இன்னா பண்ணுவே, எல்லாம் நேரம்."

மறுப்பு

ரத்தம் ஏற்றிய பிறகு ஸ்டெல்லாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. எடை குறைவு, பல நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். நான் அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு மூன்று முறை எழுதினேன். பதில் இல்லை, பக்கம் இன்னும் அப்படியே இருக்கிறது. என் ஸ்டேட்டஸில், 'நான் சொன்னது தவறு. ரத்த மாத்திரை போடுகிறவர்கள் அதோடு டீ குடிக்காதீர்கள்' என்று ஒரு வாரம் தினமும் போட்டேன். முன்பு பார்த்தவர்களில் கால்வாசிப் பேர்கூட அதைப் பார்க்கவில்லை. யாரும் யாருக்கும் அனுப்பவும் இல்லை. அதே வாசகத்தை எழுதிக் கடை வாசலில் மாட்டினேன். தூள் வாங்க வந்த சேகர் அதைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தார்: "உன் யாவாரத்துக்கு நீயே வேட்டு வெச்சுக்கினு கீறியே அக்கா!"

அக்கா திரும்பி வந்த அன்று

இரண்டு மாதம் கழித்து லூர்து அக்கா வேலைக்கு வந்தார். அதுவரை அவரிடம் எதையும் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அன்று கடை திறந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். பாதி வீடியோ, நானாகச் சேர்த்த வரி, அவர் கை இருந்த படம். ஃபோனில் அப்படிப் போட்டிருந்தார்கள், அதை நம்பி ஏமாந்துவிட்டேன் என்று முடித்தேன். பழியில் கொஞ்சத்தையாவது ஃபோன் மேல் போட்டுவிட வேண்டும் என்ற ஆசை எனக்கு.

அக்கா காகிதத்தை எடுத்து, மடித்து, தூளைக் கொட்டி, நூல் சுற்றினார். ஐந்தாறு பொட்டலம் ஆனது. பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்: "ஃபோன நான் எங்க வசந்தி நம்புனேன்? எனக்குப் படிக்கவே தெரியாது. நான் நம்புனது உன்னத்தான்."

டீயைப் பற்றி நம்பகமான தகவல் எங்கே கிடைக்கும் என்று இப்போது யாராவது கேட்டால், டீத்தூள் கடையைத் தவிர வேறு எங்கே வேண்டுமானாலும் முதலில் விசாரியுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் தராசைத் தொடுகிறேன்.