வின்சன்றின் பாதிக்குப் பாதி

குருநகரில் போட் எஞ்சின் திருத்துகிற வின்சன்றுக்கு வயது ஐம்பத்திரண்டு. அதில் முப்பது வருடத்தை அவர் மற்றவர்களைப் பேயன் என்று சொல்வதில் செலவழித்தார். மிஞ்சிய நேரத்தில்தான் எஞ்சின் திருத்தினார்.

பட்டன் அமுக்கி மோட்டார் சைக்கிளை எழுப்புகிறவன் பேயன். போனிடம் வழி கேட்டு மானிப்பாய்க்குப் போகிறவன் பேயன். சோறு வேக வைக்கக் கரண்டுச் சட்டி வாங்கிய சொந்தத் தம்பி பெரிய பேயன். ஆனாலும் இவர்களெல்லாம் ஒரே வாங்கில் இருத்தி வைக்கக்கூடிய சாதாரணப் பேயர்கள். காபரேற்றருக்குப் பதில் இன்ஜெக்சன் வைத்த, மணலில் ஓட்டுகிற டேர்ட் பைக் வாங்கியவனுக்கு அந்த வாங்கிலும் இடம் கிடையாது.

“எவ்வளவு பெற்றோல் குடிக்கிறதெண்டு எஞ்சினுக்குத் தெரியாதே? அதைச் சொல்லிக் குடுக்க ஒரு கொம்பியூட்டராம். கண்டறியாத இன்ஜெக்சன்! காபரேற்றர் எண்டால் திருத்த ஒரு திருப்புளி காணும். உதுக்கு வருத்தம் வந்தால் கொழும்புக்கெல்லோ ஏத்த வேணும்!”

இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன மனைவி கத்தரீனா, “அந்தக் காபரேற்றரைத் துடைச்ச மாதிரி ஒரு நாளாவது இந்த மேசையைத் துடைச்சிருப்பியளே?” என்று கேட்பார். காபரேற்றரைப் பற்றியல்லாத கேள்வி எதுவும் வின்சன்றின் காதில் விழுவதில்லை.

இந்த வெறிக்கு ஒரு காரணம் இருந்தது. சண்டை நடந்த, குடாநாட்டுக்குப் பெற்றோல் வராத தடைக்காலத்தில், குருநகரை விட்டு இடம்பெயர்ந்து சண்டிலிப்பாயில் இருந்தபோது, ஒரு நாள் மத்தியானம் கத்தரீனாவுக்குப் பிரசவ நோக் கண்டது. அப்போது குடாநாட்டு மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடின. சின்னப் போத்தலில் பத்திரமாக வைத்திருக்கும் பெற்றோலில் நாலு சொட்டைக் காபரேற்றருக்குள் பீச்ச வேண்டும். உதைத்து, எஞ்சின் எழும்பிச் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். வின்சன்ற் பீச்சினார், உதைத்தார், சிலுவை போட்டுக்கொண்டு மறுபடியும் உதைத்தார். வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு வண்டி மானிப்பாய் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது. மகள் ஜெனிற்றா பிறந்தாள். அன்றிலிருந்து, எரிகிற எண்ணெய் எதுவும் எஞ்சினுக்குப் போதும் என்பது வின்சன்றின் வேதமாகிவிட்டது.

தடை போனது, சண்டையும் முடிந்தது. பெற்றோல் செற்றுகள் சந்திக்குச் சந்தி பளபளக்கின்றன. வின்சன்றின் இருபது வயது ஜப்பான் டேர்ட் பைக் மட்டும் இன்றைக்கும் பாதிப் பெற்றோல், பாதி மண்ணெண்ணெயில் ஓடுகிறது. அது வாங்கின கிழமையே எஞ்சின் தலைக்குக் கீழே தடித்த காஸ்கற் தகடு ஒன்றை வெட்டிப் போட்டு, மண்ணெண்ணெய்க்கு ஏற்ற மாதிரி அமுக்கத்தைக் குறைத்தவர் அவர்தான். நாளடைவில் அதை மறந்தே போனார். எல்லா எஞ்சினும் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டார்.

அந்தப் பைக்கில்தான் மணற்காட்டுப் பக்கம் எஞ்சின் திருத்தப் போவார். வேறு வண்டி அந்த மணலில் புதையும். அங்கேதான் ஜெயதீபனைக் கண்டார். புத்தூர் வெங்காயத் தோட்டக்காரப் பெடியன், இருபத்துநாலு வயது. மணல்மேட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தவனுடைய பைக் புத்தம் புதியது. திறப்பைச் சாவித் துவாரத்தில் போட்டுத் திருப்பியதும் பெற்றோல் தாங்கிக்குள் ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஏதோ இரண்டு விநாடி இரைந்தது.

“என்னடா, உள்ளுக்குள்ளை இலையான் பூச்சி அடைச்சு வைச்சிருக்கிறியோ?”

“பெற்றோல் பம்ப் அண்ணை. அதுதான் எண்ணெயை அமத்தி இன்ஜெக்டருக்கு அனுப்புறது.”

“ஏன், மேலை கிடக்கிற எண்ணெய் கீழை வராதோ? உலகம் தொடங்கின நாள் தொட்டு அது கீழைதானே வருது!”

ஜெயதீபன் சிரித்தான். அதுதான் பிழை. வின்சன்ற் அவனுக்கு அன்றைக்கே ‘வெங்காயம்’ என்று பெயர் வைத்தார். மணற்காட்டில் விளையாட்டுக் கழகம் டேர்ட் பைக் ஓட்டம் வைக்கப்போகிறது என்று கேள்விப்பட்டதும் இரண்டு பேரும் பெயர் கொடுத்தார்கள். மூன்று மாதமாகக் குருநகர்க் கரை முழுக்க ஒரே கதைதான்: இன்ஜெக்சனைக் காபரேற்றர் மணலில் புதைக்கப் போகிறது.

ஓட்டத்தன்று காலையில் ஜெயதீபன் நாலு சுற்றுப் பழகினான். பைக்கில் மஞ்சள் விளக்குப் பத்திக்கொண்டது. பெற்றோல் முடியப் போகிறது. கிட்டடியில் உள்ள பெற்றோல் செற் நெல்லியடியில். ஓட்டம் தொடங்க இன்னும் பத்து நிமிடம்.

“ஏன் தம்பி, கடைசி எண்ணெயைத் திறந்துவிட றிசேவ் குழாய் ஒண்டும் இல்லையோ?” என்றார் வின்சன்ற்.

“இல்லை அண்ணை. விளக்குத்தான்.”

“விளக்கு! வீட்டிலை ஏத்தி வைச்சுக் கும்பிடு.”

இவ்வளவும் சொல்லிவிட்டு வின்சன்ற் என்ன செய்தார் என்றால், தன்னுடைய எண்ணெய்க் கானைத் தூக்கிக்கொண்டு வந்து அதிலிருந்த மூன்று லீற்றரையும் அவனுடைய தாங்கிக்குள் ஊற்றினார். கானில் தனக்கென்று ஒரு சொட்டும் மிச்சம் வைக்கவில்லை. எண்ணெய் இல்லாமல் நிற்கிற வெங்காயத்தை வெல்வது ஒரு வெற்றியா? ஓடுகிற வெங்காயத்தை வெல்ல வேண்டும்.

“பெரிய உபகாரம் அண்ணை,” என்றான் ஜெயதீபன். போட் எஞ்சின்களால் கரை முழுக்க மண்ணெண்ணெய் மணந்த இடத்தில் கானில் வந்த மணம் அவன் மூக்குக்குத் தனியாகத் தெரியவில்லை.

ஓட்டம் ஐந்து சுற்று. இரண்டாம் சுற்றிலேயே ஜெயதீபன் கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விட்டான். வின்சன்ற் பின்னால் மணல் தின்றுகொண்டு போனார். மூன்றாம் சுற்றில் சவுக்கந் தோப்பைத் திரும்பும்போது, கல்லுக் கொட்டுகிற மாதிரிச் சத்தம் போட்டுவிட்டு, புகைத்துக்கொண்டு இன்ஜெக்சன் செத்துக் கிடந்தது. ஜெயதீபன் பட்டனை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். வின்சன்ற் அவனைக் கடக்கும்போது ஒரு கையை விட்டு மீசையைத் தடவினார். அதில் விழப் பார்த்தார்.

வென்றார்.

கழகத் தலைவர் நமசிவாயம் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு கிண்ணத்தை நீட்டினார். வின்சன்ற் அதை வாங்கி, “பாத்தியளே? கொம்பியூட்டர் படுத்திட்டுது!” என்று சனத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தபோதுதான் ஜெயதீபன் வந்தான். முக்கால் கிலோமீற்றர் மணலில் பைக்கைத் தள்ளி வந்தவனுக்குச் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. தாங்கி மூடியைத் திறந்தான். விரலை விட்டான். மணந்து பார்த்தான்.

“அண்ணை, என்ன விட்டனீங்கள் இதுக்குள்ளை?”

“எண்ணெய்தான்.”

“மண்ணெண்ணெய் மணக்குது.”

“மணக்குந்தானே! பாதிக்குப் பாதி. அதுக்கென்ன?”

அதுக்கென்ன என்று அவர் கேட்டது உண்மையான கேள்வி. ஆனால் சனம் ஒருமிக்க மூச்சை இழுத்தது. புத்தூரிலிருந்து வந்த பெடியளில் ஒருவன், “கள்ளன்! வேணுமெண்டு விட்டிருக்கிறான்! இல்லாட்டி இவர் ஏன் சும்மா மூண்டு லீற்றர் தானம் செய்ய வேணும்?” என்று கத்தினான். நியாயமான கேள்விதான். வின்சன்ற் தானம் செய்ததாக யாழ்ப்பாணத்தில் ஒரு பதிவும் இல்லை.

“இன்ஜெக்சனுக்கு உது ஒத்துக்கொள்ளாது எண்டு ஒரு மெக்கானிக்குத் தெரியாதே?” என்று இன்னொருவன் கேட்டான்.

நமசிவாயம் தொண்டையைச் செருமினார். ஒலிவாங்கியை நிற்பாட்ட மறந்துபோனார். “வின்சன்ற், ஒண்டைச் சொல்லும். தெரிஞ்சு விட்டனீரோ, தெரியாமல் விட்டனீரோ?”

ஒலிபெருக்கி அதே கேள்வியை மணல்மேடு முழுக்கக் கேட்டது.

வின்சன்ற் கணக்குப் பார்த்தார். தெரிந்துதான் விட்டேன் என்றால் அவர் கள்ளன். ஆனால் கெட்டிக்காரக் கள்ளன், எஞ்சின் தெரிந்தவன். நாளைக்கும் கரையில் எஞ்சின் வரும். தெரியாது என்றால் கள்ளன் இல்லை. ஆனால் முப்பது வருடமாக ஊரெல்லாம் அள்ளி வீசிய அந்தச் சொல் திரும்பி வந்து அவருடைய தலையிலேயே இருக்கும். பேயனிடம் யார் எஞ்சின் கொண்டுவருவான்?

அவர் கத்தரீனாவைப் பார்த்தார். குடையின் கீழே நின்ற கத்தரீனா முகத்தைச் சுழித்துக்கொண்டு நின்றார். அதில் உதவி ஒன்றும் இல்லை. ஜெயதீபனைப் பார்த்தார். அவன் கோபமாக நின்றிருந்தால் லேசாக இருந்திருக்கும். அந்த வெங்காயம் என்னவென்றால், ‘இல்லையெண்டு சொல்லுங்கோ அண்ணை’ என்கிற மாதிரி முழித்துக்கொண்டு நின்றது.

வின்சன்ற் ஒலிவாங்கியைப் பறித்தார்.

“தெரியாது!” என்று கத்தினார். “கேட்டுதோ? தெரியாது! உந்தக் கண்டறியாத சாமானை நான் ஒரு நாளும் கழட்டிப் பாத்ததில்லை. பாக்காமல்தான் மூண்டு மாதமாய்க் கதைச்சனான். நான் பேயன். போதுமே? இனி ஆரும் கள்ளன் எண்டு சொன்னால் பல்லுக் கழரும்!”

ஒலிபெருக்கி ‘பேயன்’ என்ற சொல்லை இரண்டு தரம் திருப்பிச் சொன்னது. சனம் சிரித்த சிரிப்பில் காகங்கள் எழும்பிப் போயின. கிண்ணத்தை வின்சன்ற் நிருஷன் கையில் திணித்தார். நிருஷன் பின் மட்காட் இல்லாத பைக்கில் இரண்டாவதாக வந்தவன். பரிசு கிடைக்கும் என்று கனவிலும் நினைக்காதவன், படம் எடுக்கச் சீப்புத் தேடித் தலை இழுக்க ஓடினான்.

வின்சன்ற் மணலில் முழங்காலில் நின்றார். “உதின்ரை எண்ணெயை எப்பிடிக் கழிக்கிறது?” என்று உறுமினார். அவர் ஒருவனிடம் எஞ்சினைப் பற்றித் தெரிந்துகொள்ளக் கேட்டது அதுதான் முதல் தரம். திட்டுவது போலத்தான் கேட்டார். ஜெயதீபன் சொன்னான். குழாயைக் கழற்றி, கலவையைக் கானுக்குள் வடித்தார்கள். கறுத்துப்போயிருந்த பிளக்கை வின்சன்ற் தான் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துத் துடைத்து வெள்ளையாக்கினார். மேசையை அப்படித் துடைத்திருந்தால் கத்தரீனா அழுதிருப்பார்.

வடித்த கலவையைத் தன் பைக்குக்குள் ஊற்றி ஒரே உதை உதைத்தார். எழும்பியது. “பாத்தியோ?” என்று ஜெயதீபனைக் கேட்டுவிட்டு, கத்தரீனா எங்கேயோ வாங்கி வந்த துப்புரவான கானைப் பின்னால் கட்டிக்கொண்டு நெல்லியடிக்குப் போனார். அரை மணித்தியாலத்தில் நல்ல பெற்றோலோடு வந்து தானே ஊற்றினார்.

ஜெயதீபன் திறப்பைப் போட்டான். தாங்கிக்குள் ‘ஸ்ஸ்ஸ்’ என்றது. பட்டனை அமுக்கினான். எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு எழும்பியது.

“சத்தமே இல்லை. உதெல்லாம் ஒரு எஞ்சினே!” என்றார் வின்சன்ற்.

“ஓம் அண்ணை.”

“நிப்பாட்டு.”

நிற்பாட்டினான். வின்சன்ற் அக்கம்பக்கம் பார்த்தார். சனம் கலைந்துவிட்டிருந்தது. குனிந்து காதைத் தாங்கியில் வைத்தார்.

“இன்னொருக்கால் திறப்பைப் போடு, பாப்பம்.”