மூக்கின் ஈரம்

ராசிங்காபுரத்து மருதாயிக்கு மாட்டின் உடல்நிலை அறிய மூக்கைத் தொட்டால் போதும். ஈரமாக இருந்தால் சுகம், காய்ந்திருந்தால் காய்ச்சல். அவள் கணிப்பு தப்பியதே இல்லை.

ஐம்பத்திரண்டாம் வருஷம் கிணறு வற்றியதும், ஏலத்தோட்ட வேலைக்குப் புருஷனோடு போடிமெட்டு ஏறினாள். செவலைப் பசுவை விட்டுப்போக மனமில்லாமல் கூடவே ஓட்டிப் போனாள்.

மலையில் பசு சரியாகத் தின்னவில்லை. விடிந்ததும் மூக்கைத் தொட்டாள். ஈரம். மறுநாளும் ஈரம்.

"கண்ணு செருகுதே, கீழ கொண்டுபோய்க் காட்டுவமா?" என்றான் புருஷன்.

"மூக்கு நல்லாத்தான் இருக்கு. புது இடம்ல, பழகிரும்."

ஒரு காலை பசு விறைத்துக் கிடந்தது. பதறிப்போய் மூக்கைத் தொட்டாள். அப்போதும் ஈரம்! கொம்பிலும் முதுகிலும்கூட ஈரம். பாழாய்ப்போன மூடுபனி. இத்தனை நாளும் அவள் தொட்டது அதைத்தான்.

ஊர் திரும்பியவள் பிறகு மாடே வளர்க்கவில்லை. யாராவது மாட்டைக் காட்டினால், முதலில் முந்தானையால் மூக்கைத் துடைப்பாள். பிறகு விரலை வைத்துக் காத்திருப்பாள்.

"ஊறிருச்சு ஆத்தா, மாடு நல்லாருக்கு" என்பார்கள்.

அப்போதும் அவள் கையை எடுக்கமாட்டாள்.