வாளியிலிருந்து முதலில் வந்த சாவி

சில வருடங்களுக்கு முன், ஒரு ஐப்பசி மாத மழையில் நடந்தது இது. இடம், பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல்திட்டில் இருக்கும் ஒரு மீனவக் குப்பம். பாலம் கிடையாது. படகுதான் வழி.

நான் அந்தக் குப்பத்துக்காரி இல்லை. திருப்பாலைவனம் பக்கம், வயல் வேலை பார்க்கும் குடும்பம். பழவேற்காட்டில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். கிணற்றைக் கண்டாலே நாலடி தள்ளி நிற்கிற ரகம். நீச்சல் சுத்தமாகத் தெரியாது. அப்படிப்பட்டவள் புயலன்று அந்தத் திட்டில் போய் நின்றதற்குக் காரணம் என் வாய்தான்.

எங்கள் ஊரில் ஒரு நற்பணி மன்றம் இருக்கிறது. டச்சுக்காரர்களின் பழைய கல்லறையில் மண்டிக் கிடந்த முள்ளை வெட்டுவதற்காகச் சேர்ந்த கூட்டம் அது. அதனால் ஊரில் எங்களுக்கு 'கல்லறை கிளப்பு' என்றுதான் பெயர். "செத்தவனுக்கு சேவை பண்றவங்க வர்றாங்கடா" என்று மீன் ஏலம் நடக்கிற இடத்தில் கேலி செய்வார்கள். அந்த மன்றத்து முதலுதவிப் பெட்டியை ஒருநாள் பார்த்துவிட்டு, "இதுல பாதி மருந்து காலாவதி ஆனது. இதையா ஜனங்களுக்குக் கொடுக்கறீங்க?" என்று சத்தம் போட்டேன். தலைவர் சிரித்துக்கொண்டே, "அப்ப நீயே பாத்துக்கோம்மா" என்று பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து நானும் கல்லறை கிளப்பு.

தலைவருக்கு ஐம்பது வயது இருக்கும். அந்தக் குப்பத்தில் பிறந்தவர். மனைவியும் மகள்களும் குப்பத்து வீட்டில் இருக்க, இவர் பழவேற்காட்டில் பட்டறையிலேயே தங்கிப் படகு இன்ஜின் பழுது பார்க்கிறார். அதிகம் பேச மாட்டார். எதற்கும் காரணம் சொல்ல மாட்டார். எனக்கோ காரணம் சொல்லாத ஆண்களைக் கண்டாலே எரிச்சல்.

புயல் ஆந்திரா பக்கம் போகும் என்றுதான் முதலில் சொன்னார்கள். குப்பத்துக்காரர்கள் முதலில் படகுகளைக் காப்பாற்றினார்கள். படகு போனால் பிழைப்பே போய்விடுமே! எல்லாவற்றையும் இந்தக் கரைக்குக் கொண்டுவந்து, மேட்டில் ஏற்றி, ஒன்றோடொன்று கட்டிவைத்துவிட்டு, ஒரே படகில் திரும்பிப் போய் வீட்டில் படுத்துக்கொண்டார்கள். விடிந்தபோது புயல் மனம் மாறியிருந்தது. போய்வந்த அந்த ஒரு படகையும் அலை தூக்கி அடித்து உடைத்துவிட்டது. மற்ற படகுகள் எல்லாம் இந்தக் கரையில், அவற்றைத் தண்ணீரில் இறக்கும் கைகள் எல்லாம் அந்தக் கரையில். மேட்டிலிருந்து ஒன்றை இறக்கவே ஊரே கூடித் தள்ள வேண்டும்.

மிச்சமிருந்தது மன்றத்துப் படகு. அவசரத்துக்கு நோயாளிகளை ஏற்றி வருவதற்காக வைத்திருந்த ஃபைபர் படகு. தலைவர், படகு ஓட்டும் தம்பி, மருந்துப் பெட்டியோடு நான், மூன்று பேரும் கிளம்பினோம். என் மகள் அப்போது எல்.கே.ஜி. படித்துக்கொண்டிருந்தாள். அவளை நினைத்துக்கொண்டே படகின் ஓரத்தைப் பிடித்திருந்தேன்.

குப்பத்தில் இறங்கியபோது கடல் அலை மணல்மேட்டைத் தாண்டி வீடுகளின் பின்பக்கம் வரை வந்து வந்து போனது. கர்ப்பிணிகள், படுக்கையில் கிடந்தவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் முதல் இரண்டு நடையில் போனார்கள். அதில் யாருக்கும் தகராறு இல்லை.

மூன்றாவது நடைக்குப் படகு வந்ததும் பிரச்சினை வெடித்தது. எத்தனை லைஃப் ஜாக்கெட்டோ அத்தனை பேர்தான் ஏறலாம் என்று தலைவர் சொல்லிவிட்டார். ஒரு நடைக்கு மூன்று வீடு போகலாம், அவ்வளவுதான். எல்லோரும் ஒரே நேரத்தில் படகைப் பிடித்துக்கொண்டார்கள். யாரோ யாரையோ தள்ள, படகு ஒரு பக்கம் சாய்ந்து தண்ணீர் உள்ளே வந்தது. இன்னும் ஒரு தள்ளு தள்ளியிருந்தால் இருந்த ஒரு படகும் கவிழ்ந்திருக்கும்.

தலைவர் கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

"பாடு போடுவோம்! பாடு போட்டு ஏறலாம்!"

அந்தச் சொல்லுக்கு அங்கே என்ன மரியாதை என்று அன்றுதான் பார்த்தேன். ஏரியில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதைக் குலுக்கிப் போட்டு முடிவு செய்வார்கள். அப்படி விழுகிற முறைக்குப் பாடு என்று பெயர். நல்ல இடம் எதிரிக்கு விழுந்தாலும் மூச்சு விட மாட்டார்கள். படகைப் பிடித்திருந்த கைகள் ஒவ்வொன்றாக விலகின.

காகிதமும் பேனாவும் அந்த மழையில் ஏது? வீட்டுக்கு ஒரு பொருளை வாளியில் போடச் சொன்னார். சீப்பு, வலை ஊசி, டார்ச் லைட், வளையல், எது கையில் இருந்ததோ அது விழுந்தது. இறால் வாங்கி விற்கும் வியாபாரி ஒருவர், ஊரில் கொஞ்சம் வசதியானவர், விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றிப் போட்டார். எது யாருடையது என்று தெரியாத ஆள் நான் ஒருத்திதான். அதனால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிற வேலை எனக்கு வந்தது.

முதலில் கையில் வந்தது ஒரு சாவி.

கூட்டத்தில் ஒரு அம்மாள் முகத்தை மூடிக்கொண்டார். அவர் தலைவரின் மனைவி. அது அவர்கள் வீட்டுச் சாவி.

வியாபாரி கையைத் தட்டினார். "இன்னா தலைவரே, கிளப்பு வாளி, கிளப்பு கை, கிளப்பு சாவி! நல்லா கீதே உங்க சேவை!"

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. சத்தியமாக எனக்குத் தெரியாது என்று சத்தம் போட்டேன். யார் கேட்டார்கள்? அடுத்தடுத்து எடுத்தேன். இரண்டாவது பல் உடைந்த ஒரு சீப்பு. தனியாக இருந்து நண்டு பிடித்துப் பிழைக்கும் ஒரு அக்காவினுடையது. மூன்றாவதாக வலை ஊசி. மோதிரம் சின்னதாக இருந்ததால் வாளியின் அடிக்குப் போய்விட்டது போல, கடைசியில்தான் வந்தது.

தலைவரின் மனைவி அவர் பக்கத்தில் வந்து, "நான் அப்பால வர்றேன்யா. ஊரு வாயி பொல்லாதது" என்றார். கூடவே அவர்களுடைய இரண்டு மகள்கள்.

"பாடு உனக்கு வுழுந்துச்சு. ஏறு."

நானும் சும்மா இருக்கவில்லை. காதோரம் போய், "அண்ணே, விட்டுக்கொடுத்துடுங்க. நீங்க தலைவர். பார்க்க நல்லா இருக்காது" என்றேன்.

"பாக்கறதுக்கு பண்றது இல்லம்மா இது" என்றார். அவ்வளவுதான் பதில். எனக்கு அவர் மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஊர் உலகத்துக்கெல்லாம் நியாயம் பார்க்கிற மனுஷன், உயிர் பயம் வந்ததும் பெண்டாட்டி பிள்ளையை முதலில் ஏற்றிவிட்டாரே என்றுதான் நினைத்தேன். அந்த அம்மாள் அழுதுகொண்டே ஏறி, தலையைக் குனிந்து உட்கார்ந்தார். யாரோ காறித் துப்பிய சத்தம்கூடக் கேட்டது.

அடுத்து நண்டு பிடிக்கிற அக்கா. அவர் படகில் கால் வைக்கப் போகும்போது வியாபாரி குறுக்கே வந்தார்.

"யக்கா, நீ ஒண்டிக்கட்டை. உனக்கு இன்னா அவசரம்? என் பெரிய பொண்ணு பயத்துல நடுங்கினு கீறா. உன் இடத்துல அவ போவட்டும். நீ அடுத்த நடையில வா."

பொய்யில்லை. அந்தப் பெண் உண்மையிலேயே நடுங்கிக்கொண்டிருந்தாள். கல்லூரியில் படிக்கிற பெண். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் நண்டு அக்காவுக்கும் அதே அலைதான், அதே காற்றுதான். தினமும் பிடிக்கிற நண்டை அவர் போடுவதும் இந்த வியாபாரியிடம்தான். நாளைக்கும் அவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும். அக்கா தூக்கிய காலைக் கீழே வைத்தார். சுற்றிலும் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். எல்லார் கண்ணும் 'விட்டுக்கொடேன்' என்றுதான் சொன்னது.

அக்கா படகுக்குள் பார்த்தார். தலைகுனிந்து உட்கார்ந்திருந்த தலைவரின் மனைவியை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு திரும்பி வியாபாரியிடம் சொன்னார்:

"தலைவரு சம்சாரமே வுட்டுக் குடுக்காம ஏறி குந்தினு கீது. நான் இன்னாத்துக்குயா வுட்டுக் குடுக்கணும்? என் பாடு இது."

ஏறி உட்கார்ந்துகொண்டார். வியாபாரி வழியை விட்டு விலகினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தலைவர் விட்டுக்கொடுத்திருந்தால் எல்லோரும் அவரைப் புகழ்ந்திருப்போம். அடுத்த நிமிடமே, "தலைவரே கொடுத்துட்டாரு, உனக்கு என்ன?" என்று அக்காவை இறக்கியிருப்பார்கள். அப்புறம் வாயில்லாத வீடு ஒவ்வொன்றாக இறங்கியிருக்கும். சத்தமாகப் பேசுகிறவர்கள் முதலில் போயிருப்பார்கள். பாடு அங்கேயே செத்திருக்கும். தலைவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் போகிற படகைப் பார்க்கவில்லை. அடுத்த வீட்டுக்காரர்களை வரிசையாக நிற்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு ஒரு தள்ளுமுள்ளு இல்லை. மனதுக்குள் எல்லோரும் அவரைத் திட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் அவரவர் முறை வரும்வரை நின்றார்கள்.

கடைசி நடைக்கு மிஞ்சியது வியாபாரியின் குடும்பம், தலைவர், நான். படகு வர வெகுநேரம் ஆனது. அலை இப்போது வீடுகளுக்கு நடுவே புகுந்து ஏரிப்பக்கம் ஓடியது. முழங்கால் வரை தண்ணீர். எங்கள் கண்ணெதிரே ஒரு கூரை அப்படியே எழுந்து போனது. படகு கவிழ்ந்துவிட்டதோ, இனி வராதோ என்று நினைத்து நான் வாய்விட்டு அழுதேன். வெட்கமாக இல்லை. வியாபாரியின் பெரிய பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். யார் யாருக்கு ஆறுதல் சொன்னோம் என்று தெரியவில்லை. வியாபாரி மட்டும் விடாமல் தலைவரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

ஒருவழியாகப் படகு வந்தது. பாதி ஏரியைத் தாண்டும்போது இன்ஜின் இருமி நின்றது. அறுந்து மிதந்த வலை ஒன்று, தண்ணீருக்குள் சுற்றும் இன்ஜின் காத்தாடியில் சிக்கிக்கொண்டதாம். படகு காற்றுக்குக் குறுக்கே திரும்பி ஆடத் தொடங்கியது. "பயப்படாதீங்கக்கா, இங்க தண்ணி இடுப்பளவுதான்" என்றான் படகு ஓட்டும் தம்பி. அலை என் தலைக்கு மேலே போகும்போது இடுப்பளவு தண்ணீரை வைத்து நான் என்ன செய்ய?

தலைவர் கத்தியை வாயில் கவ்விக்கொண்டு பின்பக்கம் இறங்கினார். யாரும் சொல்லாமலே வியாபாரி எழுந்தார். கழியை எடுத்துச் சேற்றில் ஊன்றி, முழு உடம்பையும் அதன்மேல் சாய்த்து, படகின் மூக்கைக் காற்றுக்கு நேராகப் பிடித்தார். "அறு தலைவரே, ஜல்தியா அறு! நான் புடிச்சினு கீறேன்!" என்று கத்தினார். கொஞ்ச நேரம் முன்புவரை யாரைத் திட்டினாரோ அவர் உயிர் இப்போது இவர் கையில். கழி வளைந்ததே தவிர, அவர் கை தளரவில்லை. வலை அறுந்தது. இன்ஜின் இரண்டு முறை ஏமாற்றிவிட்டு மூன்றாவது முறை பிடித்தது. தலைவரைப் படகுக்குள் இழுத்துப் போட்டதும் வியாபாரிதான்.

பழவேற்காட்டுக் கரையில் எல்லோரும் தங்குவதற்குப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டிருந்தார்கள். ஒரே ஒருவர் மட்டும் கொட்டும் மழையில் நின்றுகொண்டிருந்தார். தலைவரின் மனைவி. பாடு விழுந்து முதலில் ஏறி வந்தவர், கடைசிப் படகு வரும்வரை அங்கேயே நின்றிருக்கிறார்.

"வாயில வந்ததெல்லாம் பேசிட்டுப் போறாங்கய்யா" என்றார்.

"பேசட்டும். எல்லாம் வந்து சேந்துட்டாங்க இல்ல?" என்றார் தலைவர்.

வீடுகள் பல போயின. உயிர் ஒன்றும் போகவில்லை. ஆனாலும் படகுத்துறையில் இன்றும் யாராவது சொல்வார்கள், "பொண்டாட்டிய மொதல்ல ஏத்தி அனுப்பினவரு" என்று. வியாபாரி அங்கே இருந்தால், "அட, வுடுங்கப்பா" என்று எழுந்து போய்விடுவார்.

மழை விட்டபின் ஒருநாள் கல்லறையில் விழுந்து கிடந்த முள்மரத்தை அப்புறப்படுத்தப் போயிருந்தோம். "அண்ணே, அன்னிக்கு ஏன் அப்படி செஞ்சீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. இவ்வளவு கெட்ட பேரு எதுக்கு?" என்று கேட்டேன்.

முள்ளை இழுத்துப் போட்டபடியே சொன்னார்: "வுட்டுக் குடுத்திருந்தா அன்னிக்கே மாலை போட்டிருப்பாங்கம்மா. எனக்கும் ஆசையாத்தான் இருந்துச்சு."

அவர் காலருகே ஒரு கல். எந்தக் காலத்திலோ இந்த ஊரில் அதிகாரம் செய்த யாரோ ஒரு டச்சுக்காரர், தன் பெயர் அழியக்கூடாது என்று ஆழமாக வெட்டிவைத்த கல். அதை வாசிக்க எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

இப்போதும் மருந்துக்கடையில் கூட்டம் நிற்கும்போது என் தங்கை வரிசையில் வந்தால், நாலு பேர் மெச்ச வேண்டும் என்று அவளைப் பின்னால் நிற்கச் சொல்ல வாய் துடிக்கும். அப்போதெல்லாம் படகில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த அந்த அம்மாளும், அவரைப் பார்த்த பலத்தில் தன் இடத்தில் போய் உட்கார்ந்த அந்த அக்காவும் கண்முன்னே வருவார்கள்; தங்கையின் முறை வரும்போது, ஒன்றும் சொல்லாமல் அவள் மருந்துச் சீட்டை வாங்கிக்கொள்வேன்.